கழுத்திலிருந்து சுவருக்கு

அருங்காட்சியகத்தின் பின்பக்கக் கிடங்கில் வேலை செய்த நாட்களில் அவளை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாசி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். தோண்டியெடுத்துக் கொண்டுவந்த பாசிமணிகளைப் பஞ்சு விரித்த தட்டில் கொட்டி, சிப்பியைத் தனியாக, எலும்பைத் தனியாக, பல்லைத் தனியாகப் பிரிப்பது அவள் வேலை. ஆராய்ச்சி மாணவி. பக்கத்து மேசையில் உடைந்த பானை ஓடுகளை ஒட்டிக்கொண்டிருந்த இளைய மாணவிக்குச் சட்டி என்று பெயர். பாசியும் சட்டியும் ஒரு குவளைத் தேநீரைப் பாதிப் பாதியாகக் குடித்துக்கொண்டு, செத்துப்போய் ஆயிரக்கணக்கான வருஷமான மனிதர்களைப் பற்றி அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களைப் பேசுவதுபோல வம்பு பேசுவார்கள்.

வம்புக்கு விஷயமும் இருந்தது. அந்த அகழாய்வில் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கு, அலைந்து திரிந்து வேட்டையாடியவர்கள் தங்கிய இடம். சாம்பல், கடித்துப் போட்ட எலும்பு, கல் சில்லு, அவ்வளவுதான். ஆனால் மணிகள் மட்டும் அள்ள அள்ள வந்தன. கடலே இல்லாத இடத்தில் கடற்சிப்பி. துளைபோட்ட நரிப்பல். துளையின் ஓரமெல்லாம் நூல் உரசி உரசிப் பள்ளமாகியிருக்கும். மேல் அடுக்கில் இருந்தவர்கள் விதைத்து, அறுத்து, குடியிருந்தவர்கள். அங்கே மணி அபூர்வம். அதற்குப் பதில் பானை முழுக்கக் கோடு, சுவர்ப் பூச்சில் சிவப்புப் பட்டை. முதலில் பாயின் மேல் வைத்துப் பானை வனைந்ததால் பாயின் தடம் அடியில் பதிந்திருக்கிறது. பிறகு வந்தவர்கள் பாயே வைக்காமல், அதே பின்னலைக் கையால் கீறிப் பானையின் தோள்வரைக்கும் ஏற்றிவிட்டார்கள்.

ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பாசி சொன்னாள்.

“சட்டி, இங்க பாரு. நடந்துகிட்டே இருக்கிறவங்களுக்குச் சுவர் ஏது? அவங்களுக்குச் சுவரே உடம்புதான். அழகா எது இருந்தாலும் கழுத்துல மாட்டிக்கிட்டுக் கிளம்பிடணும். ஒரு இடத்துல உக்காந்துட்டா, கழுத்துல இருக்கிறது இறங்கிச் சுவத்துக்கும் பானைக்கும் போயிடுது.”

சட்டி வாயைப் பிளந்தாள். “அக்கா, இதைத்தான் நீங்க எழுதணும்.”

வழிகாட்டியாக இருந்த பேராசிரியை அப்படி வாயைப் பிளக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, “கேக்க நல்லா இருக்கும்மா. ஆனா மேல் அடுக்கு ஆளுங்களைப் புதைச்ச இடம் இன்னும் நமக்குக் கிடைக்கலையே. உடம்பைப் பாக்காம உடம்புல என்ன இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றது? அவசரப்படாதே” என்றார்.

பாசி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வயதில் தனக்குத் தோன்றிய ஒன்றைவிட உலகத்தில் வேறென்ன பெரிதாக இருக்க முடியும்?

அந்தச் சமயத்தில்தான் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். மாப்பிள்ளை சுரங்கப்பாதை குடையும் கம்பெனியில் மேற்பார்வையாளர். மலைக்கு மலை, ஆற்றுக்கு ஆறு வேலை. “நல்ல இடம், படிச்சது போதும்” என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். பாசி வேண்டாமென்று சொல்லத்தான் முன்னறைக்கு வந்தாள். அவன், “நீங்க என்ன படிக்கிறீங்க?” என்று கேட்டான். மரியாதைக்குக் கேட்டிருப்பான் என்று நினைத்து இரண்டு வரியில் சொன்னாள். “புரியலையே, கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க” என்றான். அவள் மணியிலிருந்து பானைவரை சொல்லி முடிக்கும்வரை அவன் கையிலிருந்த தேநீர் ஆடை கட்டிப்போனது. குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான்.

“அப்போ நானும் அந்தக் கீழ் அடுக்குக் கூட்டம்தான். எனக்கும் சுவர் கிடையாது.”

அந்த ஒரு வாக்கியத்தில் அவள் விழுந்துவிட்டாள். மெனக்கெட்டுக் கேட்கும் ஆண்பிள்ளையை அதுவரை அவள் பார்த்ததில்லை. “எழுதுறதுக்கு என்ன? எங்க இருந்தாலும் எழுதலாமே” என்றும் அவன் சொன்னான். பொய் சொல்லவில்லை. அப்போது அவனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

கல்யாணத்துக்கு அம்மா தன் நகையில் பெரும்பங்கைக் கழற்றிப் போட்டாள். கழுத்தை ஒட்டி ஒரு மாலை, நெஞ்சுவரை தொங்கும் நீளச் சங்கிலி, கை நிறைய வளையல்கள், கல் வைத்த தோடு. அவற்றோடு ஒரு தகரப்பெட்டியும் இரண்டு மூட்டையுமாகப் பாசியின் ஊர்சுற்றல் ஆரம்பித்தது.

ஒரு சுரங்கம் முடிவதற்குள் அடுத்த சுரங்கத்துக்கு உத்தரவு வந்துவிடும். வீடு பிடிப்பது, பால்காரரைப் பிடிப்பது, பள்ளிக்கூடத்தில் மகனுக்கு இடம் பிடிப்பது. எல்லாம் பிடிபடும் நேரத்தில் லாரி வந்து வாசலில் நிற்கும். வீட்டுக்காரர்கள் ஊருக்கு ஊர் வேறே தவிர, சாவியைக் கையில் கொடுக்கும்போது சொல்கிற வார்த்தை ஒன்றேதான்.

“எல்லாம் புழங்கிக்கோங்க. சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க.”

ஓர் ஊரில் மகன் வரைந்த லாரிப் படத்தைக் கோந்து தடவிச் சுவரில் ஒட்டிவிட்டான். காலி செய்யும்போது வீட்டுக்காரம்மா அந்த இடத்தை நகத்தால் சுரண்டிக் காட்டி, “சின்னப் பையன்னு பாக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே அட்வான்ஸில் கை வைத்தாள். அதற்குப் பிறகு பையன் படம் வரைந்தால் பெட்டிக்குள் போடப் பழகிக்கொண்டான். கொஞ்ச நாளில் வரைவதையே விட்டுவிட்டான்.

ஆய்வேட்டுக்குக் கெடு நீட்டிக் கேட்டாள். நீட்டினார்கள். இன்னொரு தடவை கேட்டாள். அப்போதும் நீட்டினார்கள். மூன்றாவது தடவை கேட்க நினைத்தபோது மகனுக்கு அம்மை. அதோடு விட்டது. பேராசிரியை ஓய்வுபெற்றார், பிறகு காலமானார் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாள். பெட்டிக்குள் கிடந்த காகிதங்கள் ஒரு மழைக்கால வீட்டில் ஈரம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் பார்த்தால் எழுத்தோடு பிய்ந்தன. வெளியே எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்து அரிசி களைந்தாள்.

நகையை மட்டும் அவள் கழற்றவே இல்லை. சுரங்கக் குடியிருப்புகளில் வங்கி கிடையாது. பூட்டு போட்ட கதவை ஒரு உதை விட்டால் திறந்துகொள்ளும். அதனால் எல்லாவற்றையும் உடம்பிலேயே போட்டுக்கொண்டு துணி துவைத்தாள், பாத்திரம் தேய்த்தாள், குழாயடியில் நின்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளுக்கு ‘நடமாடும் நகைக்கடை’ என்று பெயர் வைத்தார்கள்.

“கடை இன்னிக்கு எத்தனை மணிக்குத் திறக்கும்?” என்பாள் எதிர்வீட்டுக்காரி.

“உனக்குன்னா எப்பவும் மூடல்தான்” என்பாள் இவள்.

சிரிப்பாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. கீழ் அடுக்குப் பெண்களும் இப்படித்தானே இருந்திருப்பார்கள். சாம்பலை மிதித்து அணைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நரிப்பல் மாலை நெஞ்சில் ஆட ஆட நடந்திருப்பார்கள். கட்டுரையாக எழுத முடியாததை உடம்பால் எழுதிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வாள். யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் ஏது? தேநீரை ஆறவிட்டுக் கேட்ட மனுஷன் இப்போது தட்டில் கை கழுவிக்கொண்டே, “ம், அப்புறம்?” என்பான். அப்புறம் என்று அவள் தொடங்கினால் எழுந்து போயிருப்பான்.

பையன் கல்லூரிக்குப் போகும் வயதில், ஒரு விடுமுறை நாள் காலையில் கணவன் ஒரு வரைபடத்தைக் கட்டில் மேல் விரித்து, சுருண்டுகொள்ளாமலிருக்க நாலு மூலையிலும் நாலு செருப்பை வைத்தான். வீட்டு வரைபடம். சொந்த ஊரில் மனை வாங்கிப் போட்டிருப்பது அவளுக்குத் தெரியும். கட்டப்போவது அன்றுதான் தெரிந்தது.

“லோன் எவ்வளவு வரும்னு பாத்துட்டேன். பத்தாது” என்றான்.

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது எங்கம்மா போட்டதுங்க.”

“யாரு இல்லேன்னா? நான் என்ன சீட்டாடவா கேக்கிறேன்? நமக்குத்தானே வீடு.”

“இதைப் போட்டே பழகிடுச்சு. கழட்டினா கழுத்து வெறிச்சுனு இருக்கும்.”

அவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கல்யாணத்துக்கு முன்னால் பேசிய அதே குரலில் பேசினான்.

“நீதானே சொன்ன? ஊர் ஊராத் திரியிறவங்கதான் எல்லாத்தையும் கழுத்துல மாட்டிக்குவாங்க, ஒரு இடத்துல உக்காந்துட்டா அது இறங்கிச் சுவத்துக்குப் போயிடும்னு. நாம உக்காரப் போறோம்டி. இன்னும் எதுக்கு இது கழுத்துல?”

அவள் திகைத்துப்போனாள். மறுப்பதற்கு ஆயிரம் வார்த்தை தொண்டைவரை வந்து நின்றது. அத்தனையும் அப்படியே இறங்கிவிட்டது. மறுநாள் நகைக்கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் ஒவ்வொன்றாகக் கல்லில் உரசிப் பார்த்தார். நீளச் சங்கிலியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “ரொம்பத் தேஞ்சிருக்கேம்மா. ராத்திரிகூடக் கழட்டுறதில்லையா?” என்றார். கண்ணியும் கண்ணியும் உரசுகிற இடத்தில் தங்கம் நூலாகியிருந்தது. பாசிக்கு அந்தப் பள்ளம் பழக்கமானது. அவள் தட்டில் கொட்டிப் பார்த்த மணிகளில், அந்தத் தேய்மானம்தான் ஒரு பெண் வாழ்ந்தாள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி. இங்கே அதைக் கழிவு என்று எழுதிக் குறைத்துக்கொண்டார்கள். வலது கை வளையல்கள் விரல் மூட்டைத் தாண்டி வரவில்லை. சோப்பு போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, குறடு வைத்து வெட்டினார்கள். வெட்டும்போது அவள் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் வெளியே போய் அவளுக்குக் குளிர்பானம் வாங்கிவந்தான்.

வீடு எழும்பியது. முகப்பில் எந்த மாதிரி வேலைப்பாடு வேண்டும் என்று கட்டுநர் கேட்டதற்கு, “உங்க இஷ்டம், மத்தவங்களுக்குப் போடுற மாதிரி போடுங்க” என்று இவன் போனிலேயே சொல்லிவிட்டான். சிமெண்டில் வளைந்து வளைந்து ஓடும் ஒரு பட்டை போட்டார்கள். அந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு அதே பட்டை. அம்மாவின் மாலையும் சங்கிலியும் அதில் எங்கே இருக்கின்றன என்று பாசி மேலும் கீழும் தேடிப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

கட்டினார்களே தவிர உட்காரவில்லை. வேலை இன்னும் பாக்கி இருந்தது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மறுபடியும் ஆணி அடிக்கக் கூடாத சுவர்களுக்கு நடுவே, இந்தத் தடவை வெறுங்கழுத்தோடு, அவள் குடித்தனம் செய்தாள். குழாயடியில் யாரும் கடையைப் பற்றி விசாரிக்கவில்லை. கடை மூடிவிட்டது என்று பார்த்தாலே தெரிந்தது.

அவன் ஓய்வுபெற்றபிறகுதான் வந்து சேர்ந்தார்கள். மகன் வேலை கிடைத்து வெளிநாடு போயிருந்தான். குடியிருந்தவர்கள் சுவரெல்லாம் ஆணி அடித்து அம்மைத்தழும்பு ஆக்கியிருந்தார்கள். தழும்பெல்லாம் அடைத்து, பட்டி பார்த்து, வெளிர் மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். சாமான் இறக்கி முடித்த அன்று பாசி, மகனுடைய பட்டமளிப்புப் படத்தையும் அம்மாவின் படத்தையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

“சுவத்துல ஆணி கீணி எதுவும் வேண்டாம்” என்றான் அவன். “இப்பத்தான் பெயின்ட் அடிச்சிருக்கு.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “என்னாச்சு உனக்கு? எதுக்கு இப்போ இளிக்கிற?” என்று அவன் கேட்டான். படங்களை அலமாரியின் மேல் சாய்த்து வைத்தாள்.

ஒருநாள் செய்தித்தாளில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. அருங்காட்சியகத்தில் பொதுச் சொற்பொழிவு. பேசுபவரின் புகைப்படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். நரைத்திருந்தாலும் சட்டிதான். சின்ன எழுத்தில் பதவியும் போட்டிருந்தது. தலைமை ஆய்வாளர்.

நல்ல புடவை கட்டிக்கொண்டு பேருந்தில் போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் அந்தப் பழைய மேடு தெரிந்தது. மேல் அடுக்கு மக்கள் தங்கள் ஆட்களைப் புதைத்த இடம் கடைசியில் கிடைத்துவிட்டது, மேட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்கு அடியில். படம் மாறியது. ஒரு பெண்ணின் எலும்புக்கூடு. கழுத்திலிருந்து கணுக்கால்வரை மணி. கீழ் அடுக்கு முழுக்கச் சேர்த்தாலும் அவ்வளவு இராது. அவளைச் சுற்றிப் புதைக்கப்பட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் மேல் ஒரு மணிகூட இல்லை.

“நாங்க மாணவிகளா இருந்தப்போ எங்களுக்குள்ள ஒரு எண்ணம் இருந்துச்சு” என்றாள் மேடையில் சட்டி. “அலையிறவங்க நகையை உடம்புல போடுவாங்க, ஒரு இடத்துல தங்கினா அது இறங்கிச் சுவத்துக்குப் போயிடும்னு. கேக்க ரொம்ப அழகா இருக்கும். ஆனா உண்மை அப்படி இல்ல. தங்கினதுக்கப்புறம் தானியம் சேர்ந்துச்சு. சேர்த்து வெச்சவங்க, சேர்க்க முடியாதவங்கன்னு ரெண்டு கூட்டம் வந்துச்சு. சுவத்துக்கும் கோலம் வந்துச்சு, சில பேர் கழுத்துல முன்னைவிட அதிகமாவும் ஏறுச்சு. மத்தவங்க கழுத்து காலியாச்சு. எல்லார் கழுத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருந்ததுதான் ஒரு பக்கமாக் குவிஞ்சிடுச்சு. மத்த இடங்கள்ல வேற மாதிரியும் இருந்திருக்கலாம். வாழ்ற விதம் நகையை மாத்துது, அது நிச்சயம். ஆனா ஒரே நேர்கோட்டுல மாத்துறதில்ல.”

கூட்டம் கலைந்தபிறகு சட்டியே அவளைப் பார்த்துவிட்டாள். “பாசியக்கா!” என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தப் பெயர்!

“அந்தப் பொண்ணோட மணியெல்லாம் தேஞ்சிருந்துச்சா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

“அதைக் கேக்கிற ஒரே ஆளு நீங்கதான்கா. கழுத்துல ஒரு சரம் தேஞ்சிருந்துச்சு. மத்ததெல்லாம் புத்தம்புதுசு. புதைக்கிறதுக்குன்னே கோத்த மாதிரி.” சட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “மேடையில நான் சொன்னேனே, அந்தக் கருத்து உங்களோடதுதான். மறக்கலைக்கா. பேர் மட்டும் சொல்லலை. தப்புன்னு ஆயிட்ட ஒண்ணுக்கு உங்க பேரை எதுக்கு இழுக்கணும்னு விட்டுட்டேன்.”

அன்பாகத்தான் சொன்னாள். பாசிக்கும் அது தெரிந்தது. “நல்லது செஞ்ச” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே எதையும் அவள் பார்க்கவில்லை.

வீட்டில் அவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நான் சொன்னது தப்புன்னு ஆயிடுச்சுங்க.”

“எது?”

“அதான், கழுத்துல இருக்கிறது இறங்கிச் சுவத்துக்குப் போயிடும்னு.”

“எப்போ சொன்ன?” அவன் நிஜமாகவே யோசித்தான். நெற்றி சுருங்கியது. நடிக்கவில்லை. “எந்தச் சுவத்துக்கு?”

“அதைச் சொல்லித்தானே என் நகையை வாங்கினீங்க!”

அவள் குரல் அப்படி உயர்ந்து அவன் கேட்டதில்லை. டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

“இவ்வளவு வருஷம் கழிச்சு இப்போ எதுக்கு அது? நான் என்ன கழுத்தை நெரிச்சா வாங்கினேன்? மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன். நீயாத்தானே கழட்டிக் குடுத்த? அதுவும் முகமெல்லாம் சிரிப்பா. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.”

அவன் சொன்னது நிஜம். அன்று காலை, செருப்புகளுக்கு நடுவே விரிந்து கிடந்த வரைபடத்தின் பக்கத்தில், அவள் சிரித்தபடிதான் இருந்தாள். நியாயம் புரிந்து அவள் கொடுக்கவில்லை. வீட்டுக்கு ஆசைப்பட்டும் கொடுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து யாருமே திருப்பிச் சொல்லாத அவளுடைய சொந்த வாக்கியத்தை, கருத்து பிசகாமல் அவன் சொன்னான். கேட்டிருக்கிறான், ஞாபகம் வைத்திருக்கிறான் என்ற ஒரே சந்தோஷத்தில் கழுத்தை நீட்டினாள். கேட்டால் மூச்சைக்கூடக் கொடுத்திருப்பாள் அன்றைக்கு. அவனோ அந்த வாக்கியத்தை ஒரு தடவை பயன்படுத்திவிட்டு, வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்துப் போடுவதுபோலப் போட்டுவிட்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு அவள் பேச்சு குறைந்தது. சண்டை போடவில்லை, சாப்பாடு போடாமல் விடவில்லை. அவன் எதையாவது கேட்டால் பதில் வராது. இரண்டாம் தடவை கேட்டாலும் வராது. காய்கறிக்காரரிடம் நன்றாகத்தான் பேசினாள், எதிர்வீட்டு வம்பு முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அதையெல்லாம் அவன் கவனிக்கவில்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளைக் காது டாக்டரிடம் அழைத்துப்போனான்.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். எவ்வளவு மெல்லிய சத்தத்துக்கும் அவள் கை தூக்கினாள். டாக்டர் அவள் வயதைக் கேட்டு வியந்தார்.

அன்று மாலை அவன் மகனோடு போனில் பேசுவது சமையலறைவரை கேட்டது. “பயப்பட ஒண்ணும் இல்லப்பா. அம்மாவுக்குக் காதெல்லாம் நல்லாத்தான் இருக்காம். வயசாச்சு, வேற ஒண்ணுமில்ல.”

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுப் பால் பொங்கி வழியாமல் இறக்கினாள்.